சாய்ந்தான் பாறையின் நாற்பத்தொரு குச்சிகள்

மாசி அமாவாசைக்கு முதல் நாள். பொழுது விடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பாறைகளின் உச்சியில் வெயில் ஏறிவிட்டது. அடிவாரத்தில் பனி இன்னும் விலகவில்லை.

“பதினெட்டு நாளா இங்கே இருக்கேன். கடினமான வழி ஒண்ணு சொல்லுங்கன்னு வந்த அன்னைக்கே கேட்டேன். நீங்க இன்னும் ஒரு வார்த்தை சொல்லலை,” என்றார் தெய்வநாயகம்.

அரசி முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“இன்னைக்குச் சொல்றேன் ஐயா. அந்தச் சுலபமான பாதையில நடந்துட்டு வாங்க.”

தெய்வநாயகத்துக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

அவருக்கு வயது அறுபத்து நான்கு. அரசுப் பொறியாளராக இருந்து முப்பத்தொரு பாலங்கள் கட்டியவர். அவற்றில் ஒன்றிலும் விரிசல் கண்டதில்லை.

அரசிக்கு வயது நாற்பத்திரண்டு. கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். ஒரு நாள் அதை விட்டுவிட்டு வந்து, செஞ்சிக்கு மேற்கே ஆனைக்கூட்டம் என்று பெயர் பெற்ற பெரும்பாறைகளின் அடிவாரத்தில் மூன்று அறைகள் கட்டிக்கொண்டு குடியேறினார். தாம் உபதேசம் செய்வதாக அவர் யாரிடமும் சொன்னதில்லை. வந்து போனவர்கள்தாம் அப்படிச் சொன்னார்கள்.

தம்மைவிட இருபத்திரண்டு வயது இளைய ஒரு பெண்ணை எப்படி விளிப்பது என்று தெய்வநாயகத்துக்குப் பிடிபடவில்லை. மற்றவர்கள் ‘அம்மா’ என்றார்கள். அவரோ எவ்வகையிலும் விளிக்காமலேயே பதினெட்டு நாட்களை ஓட்டிவிட்டார்.

அந்த வீட்டில் உண்டியல் கிடையாது. தங்குகிறவர், ஒரு நாள் கஞ்சிக்கு ஒரு கட்டுச் சுள்ளி பொறுக்கிக்கொண்டு வந்து தர வேண்டும். முறை அவ்வளவுதான்.

மலையின் பின்புறம் செங்குத்தானது, முள் மண்டியது. தெய்வநாயகம் நாள்தோறும் அங்கேதான் ஏறினார். கைகளில் கீறல், முழங்காலில் வீக்கம். அதைத் தவம் என்று எண்ணிக்கொண்டார். முன்புறத்துப் பாதையை ஒரு முறைகூட மிதித்ததில்லை. அதன் வாயிலில் வனத்துறையார் ஒரு பலகை நட்டிருந்தார்கள்: ‘எளிய நடைபாதை. ஒன்றரைக் கிலோமீட்டர். முதியோரும் குழந்தைகளும் செல்லலாம்.’

“என் நிலைமை உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா அந்தப் பாதைக்கு அனுப்புறீங்க?”

அரசி ஒரு கல்லைக் கண்டெடுத்து வெளியே எறிந்தார்.

தெய்வநாயகத்தின் நிலைமை இது. மனைவி மரகதம் பக்கவாதத்தில் விழுந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வலப்பக்கம் முழுவதும் போயிற்று, பேச்சும் போயிற்று. இடக்கை மட்டும் சிறிது அசையும். நாள்தோறும் மாலை நான்கு மணிக்குத் தெய்வநாயகம் கட்டிலின் பக்கத்தில் அமர்ந்து செய்தித்தாள் வாசிப்பார். மரகதம் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள், ஒரு வாக்கியத்தின் நடுவில், தெய்வநாயகம் தாளை மடித்து வைத்தார். பிறகு வாசிக்கவில்லை. ஒரு வாரத்துக்கு அம்மாவைப் பார்த்துக்கொள்ளும்படி மகள் வெண்மதியை வரவழைத்துவிட்டு இங்கே வந்தார். ஒரு வாரம் பதினெட்டு நாளாயிற்று.

சட்டைப் பையில் ஒரு படிவம் இருந்தது. விழுப்புரத்தில் ஒரு காப்பகத்தில் மரகதத்தைச் சேர்ப்பதற்கானது. கையொப்பம் மட்டும் பாக்கி. அதைப் போட்டுவிட்டால் அவர் இங்கேயே இருந்துவிடலாம். ‘இருங்கள்’ என்று அரசி ஒரு சொல் சொல்ல வேண்டும் என்றுதான் காத்திருந்தார்.

முந்தின நாள் சாலைவரை போய்க் கைபேசியில் மகளிடம் பேசியிருந்தார்.

“அப்பா, நாலு மணி ஆனா அம்மா வாசல் பக்கம் தலையைத் திருப்புறாங்க.”

“கழுத்துத் தசை இழுக்கும்மா. டாக்டர் சொல்லியிருக்கார்.”

“நாலு மணிக்கு மட்டுமாப்பா இழுக்கும்?”

“சிக்னல் சரியில்லை,” என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தார். சிக்னல் சரியாகத்தான் இருந்தது.

இப்போது அரசியிடம் சொன்னார்: “நான் பக்கத்துல உக்காந்திருக்கறதால அவளுக்கு ஒரு பயனும் இல்லை. ரெண்டு வருஷம் பார்த்துட்டேன். பாரம் தாங்காத தூணை எந்த இன்ஜினீயரும் நிறுத்தி வைக்க மாட்டான்.”

“பாதை ஒன்றரைக் கிலோமீட்டர்தான். வெயிலுக்கு முன்னாடி போயிடுங்க,” என்றார் அரசி. “வரும்போது கஞ்சிக்குச் சுள்ளி கொண்டாந்துடுங்க.”

தெய்வநாயகம் போனார்.

பாதையின் வாயிலில் செல்லக்கண்ணு கூடையில் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதுக்காரி; வாய்க்கு அஞ்சாதவள்.

“என்னா சார், வழி தவறிட்டீங்களா? இது கொழந்தைங்க போறதாச்சே. உங்களுக்கு முள்ளு குத்தணுமே?”

அவர் அவளைக் கடந்து உள்ளே நடந்தார்.

பாதை உண்மையிலேயே எளிதாக இருந்தது. மணல் தூவிச் சமன் செய்திருந்தார்கள். இருபுறமும் பாறைகள் வீடுகளைப் போல உயர்ந்து நின்றன. ஒரு பாறை கவிழ்த்த பானை. அடுத்தது மண்டியிட்ட ஆனை. இரண்டு பாறைகளுக்கு இடையே பக்கவாட்டில் நுழைந்து போக வேண்டியிருந்தது. அங்கே கல் குளிர்ந்திருந்தது; தோளில் பட்டபோது மூச்சுவிடும் உடம்பில் பட்டதுபோல் இருந்தது. தெய்வநாயகம் நிற்கவில்லை. இதைப் போய் ஒரு வழி என்று சொல்கிறார்களே என்று எண்ணியபடி நடந்தார்.

பாதையின் நடுவில் சாய்ந்தான் பாறை நின்றது. பெயருக்கேற்றபடி அது ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. விழப்போகிறது என்று தோன்றும். ஆனால் விழாது என்பதைத் தெய்வநாயகம் ஒரு பார்வையில் கண்டுகொண்டார். நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைக் காலடியாலும் கண்ணாலும் அளந்து மனத்தில் பெருக்கினார். ஆயிரத்து நூறு டன்.

அப்பாறையின் சாய்ந்த வயிற்றின் கீழே குச்சிகள் நின்றன.

விரல் தடிமன்; முழ நீளம். ஒவ்வொன்றின் ஒரு முனை தரையில், மறுமுனை பாறையில். பாறை சரிந்துவிடாதபடி யாரோ முட்டுக்கொடுத்த தோரணையில், வரிசையும் ஒழுங்கும் இல்லாமல் நாற்பத்தொரு குச்சிகள்.

தெய்வநாயகம் வாய்விட்டுச் சிரித்தார். இரண்டு ஆண்டுகளில் அதுவே முதல் சிரிப்பு.

ஒன்றை உருவினார். பாறையைப் பார்த்தார். இன்னொன்றை உருவினார்.

நாற்பத்தொன்றையும் உருவிக் கட்டினார். எல்லாம் நன்றாகக் காய்ந்திருந்தன. முள் இல்லை, வளைவு இல்லை. இவ்வளவு நேர்த்தியான ஒரு கட்டை அவர் அதுவரை கொண்டுபோனதில்லை.

ஒரு மணி நேரத்துக்குள் திரும்பிவிட்டார். கட்டை அரசியின் முன்னால் வைத்தார்.

அரசி கட்டைப் பார்த்தார். அரிசியில் விரல் நின்றது.

“எங்கே எடுத்தீங்க?”

“சாஞ்ச பாறைக்குக் கீழே. ஜனங்க முட்டுக்கொடுத்து வச்சிருக்காங்க. ஆயிரத்து நூறு டன்னுக்கு விரல் தடிமன் குச்சி!”

“எடுத்ததும் பாறை அசைஞ்சுதா?”

“ஒரு நூல்கூட அசையலை. நின்னு பார்த்துட்டுத்தான் வந்தேன்.”

“சரி.”

“மூடநம்பிக்கை. வேறென்ன?”

“நம்பிக்கைன்னு யார் சொன்னா உங்ககிட்ட?”

அரசி எழுந்தார். கட்டைத் தூக்கிச் சுவரோரம் வைத்தார். முந்தின நாள் மிச்சத்தில் அடுப்பைப் பற்றவைத்தார். கஞ்சி கொதித்தது. தெய்வநாயகத்துக்கும் ஊற்றினார்.

“நாளைக்கு அமாவாசை,” என்றார். “அமாவாசைக்கு அமாவாசை அவங்க வருவாங்க. கரையான் அரிச்சதை மாத்துவாங்க; விழுந்ததை நிமிர்த்துவாங்க. நீங்க விடியறதுக்குள்ள அங்க இருக்கணும். எது யாரோடதுன்னு கேட்டு, இருந்த இடத்துலேயே வைக்கணும்.”

“நாற்பத்தொண்ணையுமா?”

“நீங்க கேட்டது கடினமான வழிதானே ஐயா?”

மறுநாள் விடியலில் தெய்வநாயகம் சாய்ந்தான் பாறையின் கீழ் அமர்ந்திருந்தார். மடியில் கட்டு. பாறை அவர் தலைக்கு மேல் இருண்டு கவிந்திருந்தது. கீழே மண்ணில் நாற்பத்தொரு சிறு குழிகள்.

முதலில் வந்தவள் செல்லக்கண்ணு. வெறுந்தரையைப் பார்த்தாள். அவர் மடியைப் பார்த்தாள்.

“ஐயோ சார்! நீங்களா?”

“நான்தான்.”

“உங்க ஊர்ல அடுப்பெரிக்க வேற வெறகே இல்லையா?”

“தெரியாம எடுத்துட்டேன்மா. உன்னோடது எதுன்னு சொல்லு.”

அவள் கட்டைக் கலைத்து ஒரு புளியங்குச்சியை உருவினாள். அதில் கத்தியால் மூன்று கீறல் போட்டிருந்தது.

“தங்கச்சி மவன் பத்தாவது எழுதுறான். இது மூணாவது தடவை. தடவைக்கு ஒரு கீறல்.”

“குச்சி வச்சா பாஸாயிடுவானா?”

“அவன் படிச்சாத்தான் பாஸாவான். குச்சியா போய்ப் பரிட்சை எழுதும்? நல்லா கேட்டீங்க போங்க!”

அவள் சம்மணமிட்டு அமர்ந்து, தன் குழியைத் தேடி, குச்சியை நிறுத்தினாள். இரண்டு விரலால் பாறையை ஒரு தட்டுத் தட்டினாள். எழுந்தாள்.

“உங்க குச்சி எங்க சார்?”

“எனக்கு இல்லை.”

“வூட்டுல யாரும் இல்லையா?”

தெய்வநாயகம் கட்டைத் திரும்பக் கட்டுவதில் முனைந்தார்.

அடுத்து நால்வர் சேர்ந்து வந்தார்கள். அதன் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். எது யாருடையது, எந்தக் குழி யாருக்கு என்பது குழம்பத் தொடங்கியது. இதை வரைபடம் இல்லாமல் செய்ய முடியாது என்று தெய்வநாயகத்துக்குப் பட்டது. சட்டைப் பையைத் தடவினார். பேனா இருந்தது. தாள் என்று இருந்தது அந்தப் படிவம் ஒன்றுதான்.

சிறிது தயங்கினார். பிறகு அதைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் பாறையின் அடிவிளிம்பை வரைந்தார். குழிகளுக்கு எண் இட்டார். எண்ணுக்கு நேரே எழுதினார்.

‘1. புளி. செல்லக்கண்ணு. தங்கை மகன்.’

யாருக்காக என்று எழுத அவருக்கு உத்தேசமில்லை. அவர்களே சொன்னார்கள். குச்சியைத் தேடி எடுக்கும்போது சொன்னார்கள். சொல்லாமல் எடுத்தவர் மிகச் சிலர். துபாயில் இருக்கும் கணவன். பேச்சு வராத குழந்தை. சண்டை போட்டுக்கொண்டு பிரிந்துபோன அண்ணன். கண்பார்வை மங்கிவிட்ட உழவுமாடு.

ஒரு முதியவர் தம் குச்சியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஓர் இளம்பெண் தெய்வநாயகத்தை நிமிர்ந்து பார்க்காமலே, “இனிமே எடுக்காதீங்க,” என்றாள். வசவு என்று அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான். இன்னும் நன்றாகத் திட்டியிருக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது.

பத்து மணிக்குக் கன்னியப்பன் வந்தார். கல்லுடைக்கும் தொழில். முன்னங்கையெல்லாம் சில்லு தெறித்த வடு. எழுபது வயதுக்கு மேலும் தோள் இளைக்கவில்லை. கட்டிலிருந்து ஒரு வேலங்குச்சியைப் பார்க்காமலே, தடவிப் பார்த்து எடுத்தார்.

தெய்வநாயகத்தால் அடக்க முடியவில்லை.

“நீங்க கல்லுத் தொழில் பார்க்கறவர். கல்லோட எடை உங்களுக்குத் தெரியும். சொல்லுங்க, இந்தக் குச்சி இந்தப் பாறையைத் தாங்குமா?”

கன்னியப்பன் சிரித்தார். நான்கு பல் தெரிந்தது.

“என்னா சார், வெளயாட்றீங்களா? எங்க பாட்டன் பொறக்கறதுக்கு முன்னேர்ந்து இது இப்படியேதான் நிக்குது. இதை யாரு தாங்கறது?”

“அப்போ விழாதுன்னு உங்களுக்குத் தெரியும்.”

“வுழாது.”

“அப்புறம் எதுக்கு வந்து வந்து குச்சி வைக்கிறீங்க?”

கன்னியப்பன் மண்டியிட்டார். மண்ணைக் கிளறினார். குச்சியின் ஒரு முனையைக் குழியில் இறக்கி, மறுமுனையைப் பாறையில் பொருத்தி, உள்ளங்கையால் மெல்ல அழுத்தினார். அந்தக் கை சம்மட்டி பிடித்த கை என்று நம்ப முடியவில்லை.

“இவ்ளோ பெரிய கல்லு,” என்றார். “வுழாதுன்னு தெரிஞ்சா, ஒண்டியா வுட்டுட்டுப் பூடறதா சார்?”

எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டுப் போனார்.

தெய்வநாயகம் அவர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எழுதினார். ‘27. வேல். கன்னியப்பன்.’ யாருக்காக என்ற இடத்தை வெறுமையாக விட்டார்.

நண்பகல் ஆயிற்று. பாறையின் நிழல் அவர் காலடிவரை சுருங்கியது. நாற்பது குச்சிகள் நின்றன. மடியில் ஒன்று மிச்சம்.

அது புங்கங்குச்சி. இரண்டு முனைகளும் கத்தியால் சரிசமமாக நறுக்கப்பட்டிருந்தன. நாற்பதில் எதிலும் அந்த நறுவிசு இல்லை.

“இது யாரோடது?” என்று மிஞ்சி நின்றவர்களைக் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை.

“வருவாங்க சார். வராம எங்க போயிடுவாங்க?” என்றாள் செல்லக்கண்ணு. அவருக்கு ஒரு வெள்ளரிப்பிஞ்சு கொடுத்தாள். காசு வாங்க மறுத்தாள்.

அப்போது பாதையில் ஒருவர் வருவது தெரிந்தது. தலையில் முக்காடு, காலில் செருப்பில்லை. அருகில் வந்தபோதுதான் யார் என்று தெரிந்தது.

அரசி தெய்வநாயகத்தின் முன்னால் வந்து நின்று கையை நீட்டினார்.

தெய்வநாயகம் அந்தக் கையைப் பார்த்தார். முந்தின நாள் அரிசியில் நின்றுபோன விரல்களைப் பார்த்தார். எடுத்ததும் பாறை அசைந்ததா என்று கேட்டவர் இவர்தாம்.

குச்சியைக் கொடுத்தார். இரண்டு கைகளாலும் கொடுத்தார்.

பாறையின் கிழக்கு மூலையில், எவரும் குனியத் தயங்கும் இடத்தில், ஒரு குழி மிச்சமிருந்தது. அரசி குனிந்து உள்ளே போனார். குச்சியை நிறுத்தினார். சரிந்தது. மீண்டும் நிறுத்தினார். நின்றது.

வெளியே வந்து சேலையின் மண்ணைத் தட்டினார்.

“யாருக்குன்னு கேட்க மாட்டீங்களா?”

“இல்லை.”

“நல்லது.”

பாறை எப்போதும் போலச் சாய்ந்திருந்தது.

“அம்மா,” என்றார் தெய்வநாயகம்.

அரசி திரும்பிப் பார்த்தார்.

“அடுத்த விழுப்புரம் பஸ் எத்தனை மணிக்கு?”

“ஒண்ணு பத்துக்கு.”

“நாலு மணிக்குள்ள வீட்டுக்குப் போயிடலாமா?”

“இந்தச் சுலபமான பாதையில நடந்தா, பஸ்ஸைப் பிடிச்சிடலாம்,” என்றார் அரசி.

தெய்வநாயகம் நடந்தார். பாதையின் வாயிலில் ஒரு கணம் நின்றார். கையிலிருந்த படிவத்தை, வரைபடம் மேலே தெரியும்படி மடித்துச் செல்லக்கண்ணுவிடம் கொடுத்தார்.

“பத்திரமா வச்சிரும்மா. இனிமே வேற இன்ஜினீயர் எவனாவது வந்தா இதைக் காட்டு.”

அவர் அங்கே கஞ்சி குடித்தது பத்தொன்பது நாட்கள். கொடுத்தது பதினெட்டுக் கட்டு. பாக்கி ஒரு கட்டு ஆவணி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை, விழுப்புரம் பேருந்தின் நடத்துநர் கையில் வந்து சேர்ந்தது. வீட்டுக் கொல்லையில் ஒடித்த முருங்கைச் சுள்ளி. பழஞ்சேலைக் கிழிசலால் கட்டியிருந்தது. முடிச்சு கோணலாக, தொளதொளவென்று, வழி முழுவதும் எப்படி அவிழாமல் வந்தது என்று வியக்கும்படி இருந்தது. அதில் செருகியிருந்த துண்டுச் சீட்டில் ஒரே வரி:

‘பத்தொன்பதாம் நாள் கஞ்சிக்கு. கட்டியது மரகதம், இடக்கையால்.’

அரசி அந்த முடிச்சை அவிழ்க்கவில்லை. சுள்ளிகளை மட்டும் ஒவ்வொன்றாக உருவி அடுப்பில் வைத்தார். முருங்கை எரியாமல் புகைந்துகொண்டே இருந்தது. அன்று கஞ்சி கொதிக்க நண்பகலாயிற்று.